திருப்பிவிட்ட பாதை: மலையக இணைப்புகளில் கேஷ் அமைத்த காலம்

இணையப் பக்கத்தைக் கேட்டுக் கணினியிலிருந்து புறப்படும் பொதியை, அது வெளி இணைப்பை எட்டும் முன்பே சுவிட்ச்சில் பிடித்துப் பக்கத்திலிருக்கும், ஒருமுறை இறங்கிய பக்கங்களைச் சேமித்து வைத்துத் தரும் கேஷ் சேர்வரிடம் திருப்பிவிடுவது, வலையமைப்புத் தொழிலில் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் முக்கிய வேலையாக இருந்தது. கட்டளைகள் பத்து வரிக்குள் அடங்கிவிடும். அந்தப் பத்து வரி எந்த இடத்தில் உட்கார வேண்டும், திரும்பிய பொதிக்கான பதில் எந்த வழியாகப் பயனரிடம் போய்ச் சேரும், கேஷ் விழுந்தால் யாருக்கு என்ன ஆகும் என்ற மூன்றையும் முன்கூட்டியே கணிக்கத்தான் அனுபவம் தேவைப்பட்டது. மூன்றிலும் கடைசிக் கேள்வியே பெரியது என்பதை இத்தொழிலில் நின்றவர்கள் அனைவரும் வேலை செய்தே கற்றார்கள்.

மலையகத்தில் இந்த வேலைக்கு மதிப்பு வந்ததற்குக் காரணம் இணைப்பின் ஒடுக்கம். இலங்கையில் லங்கா இன்டர்நெட் சேர்விசஸ் 1995 இல் வர்த்தக இணையச் சேவையைத் தொடங்கியது. கொழும்பில் தொடங்கியது மலையேற நாளாயிற்று. தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே ரயில் நிற்கும் வட்டகொடை போன்ற ஊர்களில் தொலைபேசிக் கம்பி பள்ளத்தாக்கைச் சுற்றித்தான் தோட்டங்களுக்கு வரும். ஏடிஎஸ்எல் சேவையோ செப்புக் கம்பியில் ஐந்து கிலோமீற்றர் தாண்டினாலே தள்ளாடும். கடைவீதியில் கிடைக்கும் வேகம் தோட்டக் கந்தோருக்குக் கிடைக்காது. லயங்களுக்கு மேலே இருக்கும் பாடசாலைக்கு இன்னும் குறைவாகவே கிடைக்கும்.

இதைக் கணக்காகப் பார்த்தால் விளங்கும். வினாடிக்கு 64 கிலோபிட் இணைப்பில் 100 கிலோபைட் பக்கம் ஒன்று இறங்க பன்னிரண்டரை வினாடி ஆகும். கணினி அறையில் 25 மாணவர்கள் ஆசிரியர் சொன்ன அதே பக்கத்தை ஒரே நேரத்தில் திறந்தால், அதே பக்கம் அதே ஒடுங்கிய கம்பி வழியாக 25 தடவை வரவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போய்விடும். 40 நிமிடப் பாடவேளையில் எட்டுப் பக்கம் இறங்குவதற்குள் மணி அடித்துவிடும். கேஷ் இருந்தால் முதல் மாணவருக்கு மட்டும் பன்னிரண்டரை வினாடி. மற்றவர்களுக்குப் பக்கம் அறைக்குள்ளிருந்தே வரும். இணைப்புக்கு மாதக் கட்டணத்தைக் கூட்டாமல் ஒரு வகுப்பை நடத்தக்கூடியதாக மாற்றிய கருவி அது.

தொடக்கத்தில் திருப்பும் வேலை சுவிட்ச்சில் நடக்கவில்லை. 1996 இல் டுவேன் வெசல்ஸ் முதலானோர் ஹார்வெஸ்ட் திட்டத்திலிருந்து வளர்த்தெடுத்த ஸ்குவிட் என்ற இலவச மென்பொருளை ஒரு பழைய கணினியில் ஏற்றி, ஒவ்வொரு பயனரின் உலாவியிலும் அதன் முகவரியையும் 3128 என்ற போர்ட் இலக்கத்தையும் கையால் எழுதிவைப்பதே வழக்கம். ஐந்து கணினி இருந்த கந்தோரில் இது போதுமாக இருந்தது. இருபது, முப்பது கணினி வந்ததும் தொல்லை தொடங்கியது. யாரோ ஒருவர் அமைப்பை அழித்துவிடுவார்; யாரோ புதிய உலாவியை நிறுவுவார்; மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுபோனவருக்கு அங்கே எந்தப் பக்கமும் திறக்காது. கையால் எழுதிய அமைப்பு பயனரின் ஒத்துழைப்பை நம்பி நிற்கிறது, அந்த நம்பிக்கை மூன்று மாதம் தாங்காது என்பதே அந்தக் காலம் தந்த முதல் பாடம்.

அடுத்த கட்டத்தில் கேஷ் கணினியையே வாசலாக்கினார்கள். எல்லாப் பொதியும் ஒரு லினக்ஸ் கணினி வழியாக வெளியேறும். இணையப் பக்கங்களுக்கான 80 ஆம் போர்ட்டுக்குப் போவதை மட்டும் அதன் தீயரண் விதி ஸ்குவிட்டிடம் தள்ளும். பயனர் எதையும் அமைக்க வேண்டியதில்லை. செலவும் மிகக் குறைவு. ஆனால் மலைநாட்டு மின்சாரம் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவரவில்லை. இடி மின்னல் மாதங்களில் கரண்ட் அடிக்கடி போய்வரும். பற்றரிக் காப்பு இல்லாத கணினி இரண்டு மூன்று தடவை திடீரென்று நின்றால் வட்டின் கோப்பமைப்பு குழம்பும். மறுபடி எழும்போது கறுப்புத் திரையில் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும். பதில் சொல்ல ஆள் வரும்வரை அந்தக் கந்தோரில் மின்னஞ்சலும் இல்லை, இணையமும் இல்லை. வேகம் கூட்ட வைத்த பெட்டியே பாதையை அடைத்துவிடும். ஆள் கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரவேண்டும் என்றால் இரண்டு நாள் போய்விடும்.

சுவிட்ச்சில் திருப்பும் முறை இந்த இடத்தில்தான் தன் பெறுமதியைக் காட்டியது. கேஷ் பாதையின் நடுவில் நிற்காது, ஓரத்தில் நிற்கும். சுவிட்ச் அல்லது ரவுட்டர் இணையப் பொதிகளை மட்டும் அதனிடம் கொடுக்கும். கேஷ் விழுந்தால் பொதிகள் வழமையான பாதையில் போகும். பயனருக்கு வேகம் குறையுமே தவிர இணையம் நிற்காது. ஆல்டியான், ஃபவுண்ட்ரி போன்ற நிறுவனங்களின் நான்காம் அடுக்கு சுவிட்ச்சுகள் வடிகட்டி விதிகளால் இதைச் செய்தன. சிஸ்கோ 1990களின் பிற்பகுதியில் டபிள்யூசிசிபி என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது. அதன் முதல் பதிப்பில் ஒரு ரவுட்டரும் 80 ஆம் போர்ட்டும் மட்டுமே. இரண்டாம் பதிப்பில் ஒரே குழுவில் 32 ரவுட்டர்கள், 32 கேஷ்கள், வேறு போர்ட்டுகள், கடவுச்சொல் பாதுகாப்பு எல்லாம் சேர்ந்தன. ஸ்குவிட்டும் 2006 இல் வந்த தன் 2.6 பதிப்பிலேயே இந்த நெறிமுறையின் இரண்டாம் பதிப்பைப் பேசத் தொடங்கியதால், இலவச மென்பொருளும் நல்ல சுவிட்ச்சும் சேர்ந்து வேலை செய்யும் வழி சிறிய நிறுவனங்களுக்கும் திறந்தது.

நெறிமுறையின் உயிர் அதன் நாடித்துடிப்பில் இருக்கிறது. கேஷ் 10 வினாடிக்கு ஒருமுறை "இங்கே இருக்கிறேன்" என்று யுடிபி 2048 ஆம் போர்ட்டில் சொல்லும். சுவிட்ச் "பார்க்கிறேன்" என்று பதில் தரும். ஏறக்குறைய 30 வினாடி சத்தம் இல்லாவிட்டால் சுவிட்ச் அந்தக் கேஷைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டுப் பொதிகளை நேராக அனுப்பும். அந்த அரை நிமிடம் பயனருக்குப் பக்கம் திறக்காது. ஆனால் இரண்டு நாள் நின்ற கந்தோரோடு ஒப்பிட்டால் அரை நிமிடம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 3560, 3750 போன்ற சுவிட்ச்சுகளில் இதை அமைக்கும்போது வேலையின் வரிசை முக்கியம். முதலில் மென்பொருள் உரிமம்: ஐபி சர்வீசஸ் தரத்து மென்பொருள் இருக்க வேண்டும். அடுத்தது சுவிட்ச்சின் நினைவகப் பங்கீடு. இவ்வகைச் சுவிட்ச்சின் வன்பொருள் அட்டவணையில் இடம் அளவானது. வழமையான பங்கீட்டில் திருப்பும் விதிகளுக்கு இடமே ஒதுக்கப்படுவதில்லை. 'எஸ்டிஎம் ப்ரிஃபர் ரவுட்டிங்' என்ற கட்டளையால் பங்கீட்டை மாற்ற வேண்டும். மாற்றம் நடைமுறைக்கு வரச் சுவிட்ச்சை நிறுத்தி எழுப்ப வேண்டும். கந்தோர் நேரத்தில் அதைச் செய்தால் தொலைபேசியும் மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும். ஆகவே பழகியவர்கள் இந்த ஒரு வரியை மாலையிலேயே போட்டு எழுப்பிவிட்டு, மற்ற வேலையை மறுநாள் தொடங்குவார்கள்.

பிறகு வலையமைப்பைப் பிரிக்க வேண்டும். சுவிட்ச்சுக்குள்ளேயே பிரித்த தனி வலையை விலேன் என்பார்கள். பயனர் கணினிகள் ஒரு விலேனில், கேஷ் இன்னொன்றில், வெளி ரவுட்டருக்குப் போகும் இணைப்பு மூன்றாவதில் என்று வெவ்வேறு உபவலைகளில் இருக்க வேண்டும். கேஷ் சுவிட்ச்சோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் வேறு ரவுட்டர் கூடாது. இதற்குப் பிறகே 'ஐபி டபிள்யூசிசிபி வெப்-கேஷ்' என்ற பொதுக் கட்டளையும், பயனர் விலேனில் மட்டும் 'ரீடைரெக்ட் இன்' என்ற கட்டளையும் வரும். இந்தச் சுவிட்ச்சுகள் உள்ளே வரும் பொதியை மட்டுமே திருப்பும். வெளியேறும் பக்கத்தில் திருப்பும் வசதி அவற்றில் கிடையாது. கட்டளையைப் பயனர் பக்கத்தில் போடுவதா வெளிப் பக்கத்தில் போடுவதா என்ற குழப்பம் அதோடு தீர்ந்துவிடும்.

பிரிக்காமல் அவசரமாக அமைத்த இடங்களில் ஒரே வகைக் கோளாறு வந்தது. இடம் போதவில்லை என்று கேஷைப் பயனர்களின் விலேனிலேயே செருகிவிடுவார்கள். பயனர் கேட்ட பக்கம் கேஷிடம் இல்லை. கேஷ் தானே வெளியே போய்க் கேட்கிறது. அந்தக் கேள்வியும் 80 ஆம் போர்ட்டுக்குப் போகும் பொதிதான். சுவிட்ச் அதையும் பிடித்துக் கேஷிடமே திருப்பித் தருகிறது. பொதி சுற்றத் தொடங்கும், கேஷின் விளக்கு இடைவிடாமல் மின்னும், திரையில் எதுவும் வராது. கேஷ் தன் விலேனில் தனியாக இருந்தால் இந்தச் சுழல் வரவே வழியில்லை.

கேஷ் குழுவில் சேரவே மறுப்பது இன்னொரு பரவலான சிக்கல். பொதியைக் கேஷிடம் கொடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஜிஆர்ஈ என்ற உறைக்குள் வைத்து அனுப்புவது. மற்றது, பொதியின் சேருமிட மேக் முகவரியை மட்டும் மாற்றி இரண்டாம் அடுக்கிலேயே அனுப்புவது. எந்தக் கேஷுக்கு எந்தப் பொதி என்று பங்கிடவும் இரண்டு வழி: ஹாஷ், மாஸ்க். ஸ்குவிட் பழக்கத்தில் ஜிஆர்ஈயும் ஹாஷும் கேட்கும். இவ்வகைச் சுவிட்ச்சுக்கோ இரண்டாம் அடுக்கும் மாஸ்க்கும்தான் ஒத்துவரும். இருவரும் ஒத்துக்கொள்ளாதவரை சுவிட்ச் அந்தக் கேஷைச் சேர்க்காது. பயனருக்கு இணையம் வழமைபோல ஓடுவதால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஸ்குவிட்டின் அமைப்புக் கோப்பில் அனுப்பும் முறை, திருப்பும் முறை, பங்கிடும் முறை ஆகிய மூன்று வரியையும் சுவிட்ச்சுக்கு ஏற்ப மாற்றியதும் சில வினாடியில் இணைப்பு பிடிக்கும்.

ரவுட்டரில் ஜிஆர்ஈ உறை பயன்படுத்திய இடங்களில் வேறொரு மறைவான தொல்லை இருந்தது. உறையும் தலைப்பும் சேர்ந்து பொதிக்கு 28 பைட் கூடும். 1,500 பைட் நிறைந்த பொதி அதனால் எல்லையைத் தாண்டும். சிறிய கேள்விகள் போகும். பெரிய விண்ணப்பப் படிவம் அனுப்பும்போது மட்டும் பக்கம் தொங்கி நிற்கும். பக்கம் பார்க்க முடிகிறது, படிவம் அனுப்ப முடியவில்லை என்று பயனர் சொன்னாலே அனுபவசாலி பொதியின் அளவைத்தான் முதலில் பார்ப்பார். இரண்டாம் அடுக்கு முறையில் உறை இல்லாததால் இந்தச் சிக்கலும் இல்லை.

அமைத்து முடிந்ததும் வேலை நடக்கிறதா என்று பார்க்கும் இடத்தில் பலர் ஏமாந்தார்கள். 'ஷோ ஐபி டபிள்யூசிசிபி' என்று கேட்டால் கேஷ் ஒன்று சேர்ந்திருப்பதாகச் சுவிட்ச் சொல்லும். கீழே திருப்பிய பொதிகளின் எண்ணிக்கை 0 என்று நிற்கும். அமைப்பு தவறு என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுதியவர்கள் உண்டு. உண்மையில் திருப்பும் வேலை வன்பொருளில் நடக்கும்போது அந்தக் கணக்கு ஏறுவதில்லை. அது மென்பொருள் வழியாகப் போகும் பொதிகளை மட்டும் எண்ணுகிறது. நம்பத்தக்க சாட்சி கேஷின் பதிவேடுதான். ஒரு கணினியில் பக்கத்தைத் திறந்துவிட்டு ஸ்குவிட்டின் அணுகல் பதிவில் புதிய வரி ஓடுகிறதா, அதில் பயனரின் ஐபி முகவரி இருக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீரும். இரண்டாம் கணினியில் அதே பக்கத்தைத் திறக்கும்போது அந்த வரியில் 'ஹிட்' என்ற சொல் வந்தால் இணைப்பு மிச்சமாகிறது என்று பொருள்.

நாடித்துடிப்பு இருப்பதால் கேஷ் நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடவும் கூடாது. ஸ்குவிட் உயிரோடு இருக்கிறது, பத்து வினாடிக்கு ஒருமுறை சொல்கிறது. ஆனால் தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்ல அது நம்பியிருக்கும் டிஎன்எஸ் சேர்வர் விழுந்துவிட்டது, அல்லது கேஷுக்கும் வெளி ரவுட்டருக்கும் இடையிலான கம்பி அறுந்துவிட்டது. சுவிட்ச் அதை அறியாது. எல்லாப் பொதியையும் செயலற்ற கேஷிடமே கொடுத்துக்கொண்டிருக்கும். கேஷ் முழுவதும் செத்துப்போவதைவிட இது கேடானது. ஆகவே நல்ல அமைப்பாளர் கேஷிலேயே ஒரு சிறு நிரலை வைப்பார். அது ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே ஒரு பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும். தொடர்ந்து தோற்றால் ஸ்குவிட்டை நிறுத்திவிடும். நாடி நின்றதும் சுவிட்ச் தானாக நேர்ப்பாதைக்கு மாறும். தொலைவில் ஆளில்லாத இடத்தில் வைக்கும் கேஷுக்கு இந்தச் சிறு நிரல் கட்டாயம்.

2004 ஓகஸ்ட்டில் கொழும்புக் கடலில் கப்பலொன்றின் நங்கூரம் சீமீவீ-3 கடலடிக் கேபிளைச் சிதைத்தபோது நாட்டின் இணையத் தொடர்பு பெருமளவு அறுந்தது. கேஷில் பக்கங்கள் சேமிப்பில் இருந்தால் இத்தகைய நாளில் உதவும் என்று பலர் நினைத்திருந்தார்கள். சுவிட்ச்சில் திருப்பும் முறையில் அது எளிதில் நடக்காது. பயனரின் கணினி முதலில் தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி கேட்கும். பதில் வந்தால்தான் 80 ஆம் போர்ட்டுக்குப் பொதியே புறப்படும். முகவரி சொல்லும் சேர்வரை எட்ட முடியாத நாளில் திருப்புவதற்குப் பொதி இருக்காது. உலாவியில் கையால் அமைத்த பழைய முறையில் முகவரி தேடும் பொறுப்பு கேஷிடம் இருந்தது. வசதிக்காக மாறிய முறையில் எது கைநழுவியது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஐசிடிஏ நிறுவனம் ஈ-ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் 2005 அளவில் நெனசல என்ற கிராமிய அறிவு நிலையங்களைத் திறக்கத் தொடங்கியபோது, கம்பி எட்டாத சில இடங்களுக்கு வீசாட் செய்மதித் தட்டு வந்தது. செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்க அரை வினாடியாவது ஆகும். இணைப்பை ஏற்படுத்த ஒரு போக்குவரத்து, பக்கத்தைக் கேட்க இன்னொன்று என்று ஒவ்வொரு சிறு படத்துக்கும் ஒரு வினாடி போய்விடும். வேகம் எவ்வளவு கூடினாலும் இந்தத் தாமதம் குறையாது. சிறு படங்களும் வடிவமைப்புக் கோப்புகளும் பக்கத்திலிருந்தே வந்தால் மட்டும் குறையும். இத்தகைய இணைப்பில் கேஷ் மிச்சப்படுத்தும் காத்திருப்பு, அது மிச்சப்படுத்தும் பைட்டைவிடப் பெறுமதியானது.

திருப்புவது பாதி வேலை. எதை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பது மறுபாதி. ஸ்குவிட்டின் வழமையான விதியில், காலாவதி குறிக்காத பக்கம் ஒன்று கடைசியாக மாறி எவ்வளவு காலமோ அதில் 20 சதவீதத்துக்கு, அதிகபட்சம் 3 நாளுக்கு, புதியதாகவே கொள்ளப்படும். பத்து நாள் மாறாமல் இருந்த அறிவித்தல் பக்கம் கேஷில் ஏறினால் இரண்டு நாள் வரை பழைய அறிவித்தலே தெரியலாம். தேயிலை ஏல விலையைப் பார்க்கும் கந்தோரிலும் விண்ணப்ப முடிவுத் திகதியைப் பார்க்கும் பாடசாலையிலும் இது உண்மையான பாதிப்பு. ஆகவே விலை, அறிவித்தல், வங்கி போன்ற தளங்களை விலக்குப் பட்டியலில் சேர்ப்பது முதல் நாள் வேலை. பரீட்சைத் திணைக்களம் பெறுபேறு வெளியிடும் நாளில் எல்லோரும் ஒரே தளத்துக்குப் போனாலும் கேஷ் உதவாது. ஒவ்வொரு சுட்டெண்ணுக்கும் பதில் வேறு. கடந்தகால வினாத்தாள் கோப்புகளோ ஒருமுறை இறங்கினால் பரீட்சைக் காலம் முழுவதும் பயன்படும்.

விண்டோஸ் புதுப்பிப்பு இன்னொரு பெரிய பாடம். வினாடிக்கு 512 கிலோபிட் இணைப்பில் 100 மெகாபைட் புதுப்பிப்பு ஒன்றுக்கு 26 நிமிடம். 20 கணினிக்கு எட்டரை மணி நேரத்துக்கு மேல். கேஷுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. ஆனால் ஸ்குவிட் வழமையாக 4 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை வைத்திருப்பதில்லை. புதுப்பிப்புச் சேவை கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்பதால் அந்தத் துண்டுகளையும் சேமிப்பதில்லை. அளவு வரம்பை உயர்த்தி, துண்டு கேட்டாலும் முழுக்கோப்பை இறக்கும்படி அமைத்தால்தான் பலன் கிடைக்கும். கேஷ் வாங்கி வைத்துவிட்டு இணைப்பு இன்னும் நிரம்பி வழிகிறது என்று முறையிட்ட பல இடங்களில் குறை இந்த இரண்டு வரியில் இருந்தது.

கேஷை வைத்திருப்பவர் கையில் பெரிய அதிகாரமும் வந்துசேர்கிறது. யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்பது பதிவேட்டில் இருக்கும். பார்ப்பவருக்குத் தன் பொதி திரும்பியதே தெரியாது. கேஷ் இருப்பதைப் பயனர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, பதிவைக் குறுகிய காலத்தில் அழித்து, பிறர் கையில் கொடுக்காதிருப்பது இத்தொழிலின் கடமை. குழுவுக்குக் கடவுச்சொல் வைப்பதும் அதே அளவு முக்கியம். கடவுச்சொல் இல்லாத சுவிட்ச்சிடம் வலையமைப்பிலுள்ள எந்தக் கணினியும் "நானும் கேஷ்" என்று சொல்லிச் சேர்ந்து மற்றவர்களின் பொதிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடியும்.

இந்த வேலையின் காலம் 2010 முதல் சுருங்கத் தொடங்கியது. அவ்வாண்டு ஜனவரியில் ஜிமெயில் எல்லோருக்கும் பொதிகளைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியது. 2013 இல் ஃபேஸ்புக் மாறியது. 2015 இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியதும் சிறு தளங்களும் மாறின. 2018 ஜூலையில் குரோம் உலாவி அதற்கு மாறாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று காட்டத் தொடங்கியது. பொதிகள் 443 ஆம் போர்ட்டுக்குப் போயின. உள்ளே இருப்பது பூட்டப்பட்டிருப்பதால் கேஷுக்கு அதைச் சேமிக்க வழியில்லை. 2022 இல் தரமாக்கப்பட்ட எச்டிடிபி-3 யுடிபி மேல் ஓடுவதால், பழைய திருப்பும் விதியில் அது அகப்படுவதும் இல்லை. பூட்டை இடையில் உடைத்துச் சேமிக்கும் கருவிகள் உண்டு. ஆனால் வங்கிக் கணக்கும் மருத்துவ விபரமும் போகும் பூட்டை ஒரு பாடசாலையோ தோட்டமோ உடைப்பது சரியல்ல. பயனரின் பாதுகாப்பு கூடியதால் கேஷின் பலன் குறைந்தது. அந்த மாற்றம் நியாயமானதே.

திருப்பும் வேலை குறைந்தாலும் அதன் தேவை தீரவில்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் கேஷ் சேர்வர்களை இணைய வழங்குநர்களின் வளாகத்துக்குள்ளேயே வைத்து, பெயருக்கு முகவரி சொல்லும் இடத்திலேயே பயனரை அருகிலுள்ளதற்கு அனுப்புகின்றன. அது கொழும்பு வரையான சிக்கலைத் தீர்க்கிறது. கொழும்பிலிருந்து மலைக்கு ஏறும் கடைசித் துண்டைத் தீர்ப்பதில்லை. நான்காம் தலைமுறைச் சமிக்ஞை மேட்டில் முழுதாகவும் பள்ளத்தில் அரைகுறையாகவும் கிடைக்கும் இடங்களில், பாடசாலைக்குள் வைக்கும் சிறு சேர்வர் இன்றும் பயன் தரும். கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவையும், கொலிப்ரி என்ற மென்பொருள் மூலம் பாடங்களையும், ஒரு கோப்புறையில் வினாத்தாள்களையும் வைத்தால் வகுப்பு வெளி இணைப்பை நம்பாமல் நடக்கும். விண்டோஸ் 10 முதல் கணினிகள் புதுப்பிப்பைத் தமக்குள்ளேயே பகிர்ந்துகொள்ளும் வசதியும் இருக்கிறது. அதை இயக்கிவிட ஒரு நிமிடம் போதும்.

இவற்றை அமைப்பவருக்கும் பழைய வேலையின் ஒழுங்கு அப்படியே பொருந்தும். எந்தப் பொதி வெளியே போகத் தேவையில்லை என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். பயனரின் கணினியில் கைவைக்காமல் முடியுமா என்று பார்க்க வேண்டும். எது பழையதாகிவிட்டால் யாருக்குப் பாதிப்பு என்று கேட்க வேண்டும். கடைசியாக, புதிய பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பயனரின் கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பக்கம் திறந்தால் வேலை முடிந்தது. திறக்காவிட்டால் அந்தப் பெட்டியை அங்கே விட்டுவரக் கூடாது.